நாலாயிரம் பிடிஎஃப் வைத்திருக்கும் என் மாணவர்களுக்கு

போன வாரம் தங்கை பேத்தியின் வரவேற்பில், டிஜே தம்பியிடம் சத்தத்தைக் குறைக்கச் சொல்லப் போனேன். திட்டத்தான் போனேன். அரை மணி நேரம் அங்கேயே நின்றுவிட்டேன் (காதில் பஞ்சோடு). அவர் லேப்டாப்பில் ஒவ்வொரு பாட்டுக்கும் குறிப்பு இருந்தது. வேகம் எவ்வளவு, எந்த நொடியில் மேளம் தனியாக வருகிறது, எதற்குப் பின்னால் எது சேரும் என்று எல்லாம்.

நம் குழுவிலோ தினமும் பிடிஎஃப் மழை. "ஐயா, என்கிட்ட நாலாயிரம் புத்தகம் இருக்கு" என்கிறான் ஒருவன். எத்தனை திறந்தாய் என்று கேட்டால் ஒரு சிரிப்புப் பொம்மை பதிலாக வருகிறது. இதற்குப் பெயர் வாசிப்பா? பரணில் பாத்திரம் அடுக்குவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

நியூயார்க்கின் பிராங்ஸில் 1973 ஆகஸ்ட் 11 அன்று தங்கை நடத்திய விருந்தில் இசைத்தட்டு போட்டவர் கூல் ஹெர்க், 18 வயதுப் பையன். பாட்டு நடுவே தாளம் மட்டும் ஒலிக்கும் சில நொடிகளுக்காகவே ஆடுகிறவர்கள் காத்திருப்பதைக் கவனித்தவர் அவர். ஒரே தட்டில் இரண்டு பிரதி வைத்துக்கொண்டு, ஒன்றில் அந்த இடம் முடிந்ததும் மற்றதில் அதையே தொடங்கினார். ஹிப்ஹாப் அங்கிருந்து வளர்ந்தது. கிராண்ட்மாஸ்டர் ஃப்ளாஷ் தட்டின் மேலேயே கிரேயானால் கோடு போட்டு இடத்தைக் குறித்தார். நம் பள்ளி நூலகர் பார்த்திருந்தால் அபராதம் போட்டிருப்பார்!

"வெட்டி ஒட்டுவது படிப்பா ஐயா?" என்று கேட்பீர்கள். முழுத் தட்டையும் பலமுறை கேட்காதவனுக்கு எங்கே வெட்டுவது என்று எப்படித் தெரியும்?

ஒன்றில் மட்டும் அவர்களைப் பின்பற்றாதீர்கள். 1969-ல் வின்ஸ்டன்ஸ் குழுவின் ஒரு பாட்டில் கிரிகோரி கோல்மன் வாசித்த சுமார் ஏழு நொடித் தாளம் ஆயிரக்கணக்கான பாடல்களில் எடுத்தாளப்பட்டது. அவருக்கு அதற்காக ஒரு காசு வரவில்லை. 2006-ல் வறுமையில் இறந்தார். எடுத்த இடத்தைச் சொல்லாமல் ஃபார்வேர்டு செய்கிறவர்கள் இதைப் படித்துவிட்டு அனுப்புங்கள்.

அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 2020-ல் 'சிட்டிசன் டிஜே' என்று ஒரு திட்டமே தொடங்கியது. உரிமைத் தடையில்லாத பழைய ஒலிப்பதிவுகளைத் துண்டு துண்டாகக் கேட்டு, எடுத்துப் புதுப் பாட்டு செய்யலாம். நம்மிடம் 1998 முதல் மதுரைத் திட்டம் இருக்கிறது. படமாக இல்லை, தேடக்கூடிய எழுத்தாக.

வீட்டுப்பாடம் தருகிறேன். 'மழை' என்ற சொல்லை அதில் தேடுங்கள். மூன்று நூல்களிலிருந்து மூன்று இடங்களை எடுத்து அடுத்தடுத்து வைத்து, ஏன் சேர்த்தீர்கள் என்று நாலு வரி எழுதுங்கள். நூற்பெயர் கட்டாயம். ஞாயிறு இரவுக்குள் கருத்துப் பெட்டியில் வர வேண்டும். நாலாயிரம் வைத்திருப்பவன் முதலில் எழுதட்டும்.