மறக்க வைக்கும் புரதங்கள்

நினைவு என்றால் ஆற்றல், மறதி என்றால் கோளாறு என்ற நம்பிக்கை நம் வீடுகளில் ஆழ வேரூன்றியிருக்கிறது. படித்ததை மறந்த பிள்ளைக்கு வசவு விழுகிறது. பொதுத்தேர்வு நெருங்கினால் நினைவாற்றலைப் பெருக்குவதாகச் சொல்லும் மாத்திரைகளும் சிரப்புகளும் கடைகளில் முன்வரிசைக்கு வந்துவிடுகின்றன. மூளையில் ஏதோ ஒரு பொருள் கூடினால் நினைவு கூடும், நினைவு கூடினால் அறிவு கூடும் என்று அறிவியலின் பெயரையும் இதற்குத் துணைக்கு அழைக்கிறார்கள். அந்தக் கணக்கு அடிப்படையிலேயே தவறு. இரண்டு நரம்பணுக்கள் சந்திக்கும் சினாப்ஸில் நினைவைப் பதிக்கும் புரதங்கள் இருப்பது உண்மை. ஆனால் பதிவைத் தடுக்கவும் தளர்த்தவும் அழிக்கவும் என்றே வேறு புரதங்களும் அங்கே ஓயாமல் வேலை செய்கின்றன. அவை பழுதானால் கெட்டுப்போவது கற்றல்தான்.

முயலின் மூளையில் நினைவோடு தொடர்புடைய ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியில் அடுத்தடுத்து வேகமாக மின்தூண்டல் கொடுத்தால் நரம்பணுக்களுக்கு இடையிலான இணைப்பு மணிக்கணக்கில் வலுவாகவே இருக்கிறது என்று நரம்பியல் ஆய்வாளர்கள் டிமோத்தி பிளிஸும் டெர்யே லோமோவும் 1973இல் எழுதினார்கள். நினைவின் அடித்தளம் கிடைத்துவிட்டது என்று உலகம் கொண்டாடியது. கொண்டாடியதில் தவறில்லை, ஆனால் அது பாதிக் கதை. மறுபாதி, சேதியைப் பெறும் செல்லின் மேலுள்ள என்.எம்.டி.ஏ. ஏற்பியில் இருக்கிறது. சேதியைச் சுமந்துவரும் குளூட்டமேட் என்ற வேதிப்பொருள் வந்து சேர்வது மட்டும் போதாது, அதே நேரத்தில் அந்தச் செல்லும் கிளர்ந்திருக்க வேண்டும். அப்போதுதான் ஏற்பியை அடைத்திருக்கும் மக்னீசியம் விலகிக் கால்சியம் உள்ளே வரும். கால்சியம் வெள்ளமாகப் பாய்ந்தால் கேம்-கைனேஸ் 2 என்ற நொதி விழித்துக்கொண்டு மற்றப் புரதங்களின் மேல் பாஸ்பேட்டை ஏற்றுகிறது. சினாப்ஸில் குளூட்டமேட்டைப் பெறும் ஆம்பா என்ற வகை ஏற்பிகள் கூடுகின்றன, இணைப்பு வலுக்கிறது. அதே கால்சியம் மெல்லக் கசிந்து சில நிமிடங்கள் நீடித்தாலோ கால்சினியூரின் என்ற வேறொரு நொதி விழிக்கிறது. அதன் பின்னால் பாஸ்பட்டேஸ் 1 என்ற நொதி கிளம்பி, ஏற்றிய பாஸ்பேட்டை இறக்குகிறது. ஆம்பா ஏற்பிகள் உள்ளே இழுக்கப்படுகின்றன, இணைப்பு தளர்கிறது. நொடிக்கு ஒன்று வீதம் 900 தூண்டல்கள் கொடுத்தே எலியின் ஹிப்போகாம்பஸில் இந்தத் தளர்ச்சியை வரவழைக்கலாம் என்று டூடெக், பேர் என்ற இரு ஆய்வாளர்கள் 1992இல் காட்டினார்கள். வலுவாக்குவதும் தளர்த்துவதும் ஒரே வாசலில் தொடங்குகின்றன. ஒன்றைத் திறமை என்றும் மற்றொன்றைப் பழுது என்றும் பிரிக்க அந்த வாசலில் எந்த ஆதாரமும் இல்லை.

வலுவாக்கம் மட்டுமே மிஞ்சினால் என்ன ஆகும்? பி.எஸ்.டி-95 என்ற தாங்குபுரதம் குறைபட்ட எலிகளின் சினாப்ஸ்கள் வழக்கத்தைவிட மிகத் தாராளமாக வலுத்தன. பரவலான நம்பிக்கை சரியென்றால் அவை மேதைகளாக இருந்திருக்க வேண்டும். 1998இல் வெளியான அந்த ஆய்வில் அவை இடத்தை நினைவில் கொள்ளும் சோதனையில் மோசமாகத் தோற்றன. எல்லா இணைப்பும் எளிதில் வலுத்தால் எந்த இணைப்புக்கும் தனிப் பொருள் இருக்காது. நரம்பியலாளர் எரிக் கேன்டலின் ஆய்வகத்திலிருந்து 2008இல் வந்த ஆய்வு இன்னும் கூர்மையானது. பாஸ்பட்டேஸ் 2ஏ என்ற நொதி தடுக்கப்பட்டு, சினாப்ஸைத் தளர்த்தும் திறன் போன எலிகள், நீர்த்தொட்டியில் மறைந்திருந்த மேடையைச் சரியாகவே கண்டுபிடிக்கக் கற்றன. மேடையை வேறிடத்துக்கு மாற்றியதும் தடுமாறின. பழைய பாடம் விலகாததால் புதிய பாடத்துக்கு இடமில்லை. மனிதரிடமும் இதற்குச் சான்று உண்டு, அது வேதனையானது. சினாப்ஸில் ராஸ் என்ற புரதத்தைக் கட்டுக்குள் வைத்திருப்பது சின்கேப். அதற்கான மரபணுவின் இரு படிகளில் ஒன்று சிதைந்தாலே குழந்தைக்கு அறிவுசார் குறைபாடு ஏற்படலாம், வலிப்பும் சேர்ந்து வரலாம். தடுக்கும் புரதம் பாதியாகக் குறைந்ததன் விலை அது.

எதிர்வாதம் உண்டு, அது வலுவானதுதான். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஜோ சியென் குழு என்.ஆர்.2பி என்ற ஏற்பிப் பகுதியைக் கூட்டி உருவாக்கிய 'டூகி' எலிகள் பல சோதனைகளில் மற்ற எலிகளை முந்தின. 1999இல் உலகப் பத்திரிகைகள் அதைக் கொண்டாடின. பாஸ்பட்டேஸ் 1ஐ அடக்கிய எலிகள் கற்றதை நெடுநாள் வைத்திருந்தன என்று 2002இல் இன்னொரு ஆய்வு சொன்னது. அப்படியானால் தடையை நீக்குவது நல்லதுதானே என்று கேட்கலாம். முதலில் டூகி எலிகளைப் பார்ப்போம். அவை அச்சத்தைக் கற்றதோடு, ஆபத்து நீங்கியபின் அந்த அச்சத்தை விடவும் விரைவாகக் கற்றன. விடும் திறனும் சேர்ந்தே உயர்ந்தது. 2001இல் அதே வகை எலிகளுக்கு அழற்சி வலி வழக்கத்தைவிட மிகுதியாக நீடித்ததும் தெரியவந்தது, ஏனென்றால் அந்த ஏற்பி பாடத்தை மட்டும் பதிப்பதில்லை, வலியையும் பதிக்கிறது. 2002இன் ஆய்வோ என் வாதத்துக்கே சாட்சி. நினைவு தானாகத் தேய்ந்து போவதாக இருந்தால், ஒரு நொதியை அடக்கியதும் அது ஏன் நிலைக்க வேண்டும்? மறதியை மூளை முயன்று செய்கிறது என்பதுதான் அங்கே தெரிகிறது. இடைவெளி விட்டுப் படித்தால் மனத்தில் நிற்பதும், ஒரே மூச்சில் படித்தால் நில்லாததும் பெருமளவு அந்த நொதியால்தான் என்பதையும் அதே எலிகள் காட்டின. ஒரு பெட்டிக்குள் சில பாடங்களையே கற்கும் எலிக்கு அந்தத் தடை நீங்குவது லாபமாகத் தெரியலாம். நாள் முழுக்க ஆயிரம் முகங்களும் சேதிகளும் வந்து விழும் உயிருக்கு, எது நிற்கத் தகுந்தது என்று பொறுத்திருந்து பார்க்கும் வசதி அது.

அல்சைமர் நோயாளியின் குடும்பத்தாரிடம் போய் மறதி நல்லது என்று சொல்ல முடியுமா என்றும் கேட்பார்கள். முடியாது, சொல்லவும் கூடாது. அங்கே நடப்பது சினாப்ஸ்களின் அழிவு, அதைத் தொடர்ந்து நரம்பணுக்களின் சாவு. கால்சினியூரின் அளவறிந்து செய்யும் தளர்த்தலை அதோடு ஒன்றாக வைப்பதுதான் இந்த நம்பிக்கை செய்யும் பெரிய கேடு. அந்த நோய்க்கு மருத்துவர்கள் தரும் மெமான்டின், நினைவின் வாசலான என்.எம்.டி.ஏ. ஏற்பியை ஓரளவு அடைக்கும் மருந்து. கூட்டினால் கூடும் என்ற கணக்கை நம்புகிறவர்கள் இதற்கு என்ன விளக்கம் தருவார்கள்? அதனால் கிடைக்கும் பலன் சிறிது என்றாலும், அது கிடைப்பது அடைப்பதால்தான்.

தேர்வுக்கு முந்தைய இரவில் பிள்ளைகளைத் தூங்கவிடாமல் படிக்கவைக்கும் வழக்கமும் இதே தவறான கணக்கிலிருந்து பிறந்தது. தூங்கிய எலிகளின் பெருமூளைப் புறணியில் சினாப்ஸ்களின் தொடுபரப்பு சராசரியாக 18 சதவீதம் சுருங்கியிருந்ததை 2017இல் அளந்தார்கள். மிகப் பெரிய சினாப்ஸ்கள் மட்டும் சுருங்காமல் தப்பின. அதே ஆண்டில் இன்னொரு குழு, தூக்கத்தில் ஹோமர்1ஏ என்ற புரதம் சினாப்ஸுக்குள் புகுந்து இணைப்புகளைத் தளர்த்துவதைக் கண்டது. விடிய விடிய விளக்கெரியும் அறையில் அந்தப் புரதத்துக்கு வேலை செய்ய நேரமே தரப்படுவதில்லை. காலையில் அந்தப் பிள்ளைக்குப் பதில் வரவில்லை என்றால், அதன் நினைவாற்றலைக் குறைசொல்ல நமக்கு எந்த நியாயமும் கிடையாது.