சீறியது யார்?

"இயற்கைச் சீற்றங்கள் யாவை?" என்று பரீட்சையில் இரண்டு மதிப்பெண் கேள்வி வந்தால், "புயல், வெள்ளம், நிலநடுக்கம், சுனாமி" என்று ஒரே மூச்சில் எழுதிவிட்டு மாணவன் அடுத்த கேள்விக்குப் போய்விடுவான். இரண்டுக்கு இரண்டு கிடைத்துவிடும்! பெரியவர்களும் தொலைக்காட்சியில் உட்கார்ந்து அதே விடையைத்தான் ஒப்பிக்கிறார்கள். இந்த நான்கையும் ஒரே மூட்டையில் கட்டியது யார்?

நிலநடுக்கத்தை எடுத்துக்கொள்வோம். எந்த நாளில், எத்தனை மணிக்கு வரும் என்று இன்றுவரை எந்த விஞ்ஞானியாலும் சொல்ல முடியவில்லை. 2001 ஜனவரி 26 காலையில் குஜராத் குலுங்கியதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது. (புஜ் பக்கம் ஆடிய பூமிக்கு 200 கி.மீ.க்கு அப்பால் அகமதாபாத்தில் அடுக்குமாடிகள் ஏன் சரிந்தன என்று கேட்டால், அது கட்டியவர்கள் சொல்ல வேண்டிய பதில்.)

சுனாமி அப்படியா? 2004 டிசம்பர் 26 அன்று சுமத்ராவுக்கு அருகே கடலடி நிலம் அதிர்ந்தபோது இந்தியாவில் மணி காலை 6.29. அலை தமிழகக் கரையைத் தொட இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. இரண்டு மணி நேரம்! கடற்கரையிலிருந்து ஒரு கிழவி மெதுவாக நடந்தே மேட்டுக்குப் போய்ச் சேர்ந்திருக்கலாம். பசிபிக் கடலுக்கு 1949 முதலே எச்சரிக்கை மையம் இருந்தது. இந்தியப் பெருங்கடலுக்கு இல்லை. நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்டோர் போன பிறகு, 2007இல்தான் ஹைதராபாத்தில் மையம் வந்தது. அலை இயற்கை, சரி. அந்த இரண்டு மணி நேர மௌனமும் இயற்கையா?

புயல் இன்னும் நல்ல பிள்ளை. நாள் கணக்கில் முன்னறிவிப்பு கொடுத்துவிட்டுத்தான் வருகிறது. 1999 அக்டோபரில் ஒடிசாவைத் தாக்கிய புயலில் செத்தவர்கள் சுமார் 10,000 பேர். 2013இல் அதே ஒடிசாவுக்கு பைலின் வந்தது. மணிக்கு 200 கி.மீ. வேகக் காற்று. முந்தையதைவிடக் கொஞ்சம் வலு குறைந்ததுதான். ஆனாலும் உயிரிழப்பு நூறைக்கூடத் தொடவில்லை. ஏன்? ஏறக்குறைய பத்து லட்சம் பேரை முன்கூட்டியே பாதுகாப்பான இடங்களுக்கு மாற்றிவிட்டார்கள். சீற்றம் குறைந்ததாலா பிழைத்தார்கள்?

வெள்ளத்தை இந்தப் பட்டியலில் சேர்ப்பதுதான் உச்சகட்டக் கொடுமை. 2015 டிசம்பர் 2ஆம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை. அது பேய் மழைதான், மறுப்பதற்கில்லை. ஆனால் செம்பரம்பாக்கம் ஏரி தானாக மதகைத் திறந்துகொள்ளவில்லை. நொடிக்கு 29,000 கன அடி வரை அடையாற்றில் விடப்பட்டது. வேறு வழியே இல்லாத கட்டத்துக்கு ஏரியை வரவிட்டது மேகமா? மழைநீரை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டிய பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் குப்பை மலையும் கட்டடங்களும் முளைத்தது எந்தப் புயலால்?

சென்னை விமான நிலையத்தின் ஓடுபாதைகளில் ஒன்று அடையாற்றின் மேலேயே பாலம் போட்டு நீட்டப்பட்டது. அந்த டிசம்பரில் ஆறு விமான நிலையத்துக்குள் வந்தது. விமானங்கள் முழங்கால் தண்ணீரில் நின்றன, நிலையம் நாள்கணக்கில் மூடிக்கிடந்தது. அதற்கும் செய்தியில் வைத்த பெயர் இயற்கைச் சீற்றம்!