சான்றிதழா, ஆயத்தமா?

முக்திநாத், கைலாய யாத்திரைக்கு ஆள் சேர்க்கும் சுவரொட்டிகளை இப்போது திருவொற்றியூர்த் தெருக்களில் அடிக்கடி காண்கிறேன். என்னிடம் படித்தவர்களில் பலர் துறைமுகத்திலும் எண்ணூர் ஆலைகளிலும் பணியாற்றி ஓய்வு பெற்றவர்கள். ஓய்வூதியப் பணப்பயனில் ஒரு பகுதியை இத்தகைய பயணத்துக்கென அவர்கள் ஒதுக்கிவைக்கிறார்கள். அவர்களில் சரிபாதிப் பேராவது என்னைப் போல் சர்க்கரை நோயாளிகளாக இருப்பார்கள் என்பது என் கணிப்பு.

இந்தியாவில் நீரிழிவு மருத்துவத்துக்கு முன்னோடியான மருத்துவர் எம். விசுவநாதன் 1954-இல் தம் மருத்துவமனையை நிறுவியது இதே ராயபுரத்தில்தான். 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு இந்நோய் உள்ளதாக மதிப்பிட்டது. எனவே, யாத்திரைக் குழு ஒவ்வொன்றிலும் சிலர் மாத்திரையோ இன்சுலினோ எடுத்துச் செல்வார்கள் என்று கொள்வதே நடைமுறை அறிவு.

கடல் மட்டத்திலேயே அறுபது ஆண்டுகள் வாழ்ந்தவர் 2,500 மீட்டருக்கு மேல் சென்றாலே உடல் தடுமாறத் தொடங்கும். முக்திநாத் ஏறத்தாழ 3,700 மீட்டர். கைலாய வலத்தில் வரும் டோல்மா கணவாய் 5,600 மீட்டருக்கும் மேல். அங்கே மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன் சென்னையில் கிடைப்பதில் பாதிதான். தலைவலி, குமட்டல், தள்ளாட்டம் ஆகியவை உயரத்தால் வரும் நோயின் அறிகுறிகள். சர்க்கரை தாழ்ந்தாலும் ஏறக்குறைய இவையே தோன்றும். பசியும் குறைந்துவிடுவதால், வழக்கமான இன்சுலினைப் போட்டுக்கொண்டு உணவைத் தவிர்ப்பவர் பெரும் ஆபத்தில் சிக்குகிறார். அளந்து பார்க்கலாமே என்றால், குருதியில் ஆக்சிஜன் குறையும்போது சில வகைப் பரிசோதனைப் பட்டைகள் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும். கடுங்குளிரில் கருவியே இயங்காமல் போகலாம். ஒருமுறை உறைந்த இன்சுலின் உருகினாலும் பயன்படாது. அதைச் சட்டையின் உட்பையில், உடற்சூட்டில் வைத்திருக்க வேண்டும். டாபாகிளிஃப்ளோசின் போன்ற மாத்திரை உட்கொள்பவர்கள் புறப்படுமுன் மருத்துவரிடம் கேட்பது கட்டாயம். பட்டினியும் நீரிழப்பும் சேர்ந்தால் இரத்தம் அமிலமாகும் அபாயம் உண்டு.

வெள்ளியங்கிரி இத்தனை உயரமில்லை. ஆயினும், 2024 பருவத்தில் அங்கு நேர்ந்த உயிரிழப்புகளுக்குப் பின் நோயாளிகள் மலையேற வேண்டாம் என்ற அறிவுரையே முதன்மையாக ஒலித்தது. அமர்நாத்துக்கு உடல்தகுதிச் சான்றிதழ் கட்டாயம். தடுப்பதற்காக மட்டுமே சான்றிதழ் என்றால், நோயை மறைப்பதே யாத்ரிகருக்கு ஆதாயமாகிவிடும். காப்பீட்டுச் சந்தையைப் பற்றி வகுப்பில் நான் நடத்திய பாடம்தான் இது. மறைத்தவர் வழியில் மயங்கி விழுந்தால், அருகிலிருப்பவருக்குக் காரணம் தெரியாது.

கட்டுப்பாட்டில் உள்ள நீரிழிவு மலையேற்றத்துக்குத் தடையன்று, ஆயத்தமின்மையே தடை. தமிழக அரசு 2012-இல் மானசரோவர் செல்வோருக்கு 40,000 ரூபாயும் முக்திநாத் செல்வோருக்கு 10,000 ரூபாயும் மானியம் அறிவித்தது. 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் வீடுவரை மாத்திரை கொண்டுவருகிறது. இவ்விரண்டும் ஒன்றையொன்று அறியாமல் இயங்குகின்றன. மானியம் கோருவோருக்குப் பயணத்துக்கு ஆறு வாரம் முன்பே அரசு மருத்துவமனையில் ஆலோசனை, மருந்தளவு மாற்றக் குறிப்பு, இரண்டு அளவுக்கருவிகள், குழுத்தலைவருக்கு ஒரு மணி நேரப் பயிற்சி ஆகியவற்றை அளிக்கலாம். இதற்காகும் செலவு, மலையிலிருந்து ஒருவரை ஹெலிகாப்டரில் இறக்கும் செலவில் ஒரு சிறு பகுதிதான். ராயபுரத்துக்கு அருகிலேயே ஸ்டான்லி மருத்துவமனை இருக்கிறது. முதல் ஆலோசனைப் பிரிவை அங்கே தொடங்கலாம்.