கடலின் நுண்ணுயிர்கள் யாருடைய சொத்து?

1945 இல் இத்தாலியின் சார்டீனியாத் தீவில், காலியாரி நகரின் கழிவுநீர் கடலில் கலக்கும் இடத்தில், கியூசெப்பே புரோட்சு என்ற மருத்துவர் ஒரு பூஞ்சையைக் கண்டெடுத்தார். செஃபலோஸ்போரின் வகை மருந்துகளுக்கு அதுவே மூலம். ஆக்ஸ்ஃபோர்டு விஞ்ஞானிகள் அதனை மேலும் ஆய்வு செய்தபோது, காப்புரிமை தனியார் கைக்குச் செல்லவில்லை. பிரிட்டனில் தொழிற்கட்சி அரசு உருவாக்கிய தேசிய ஆராய்ச்சி வளர்ச்சிக் கழகமே அதனைப் பெற்றது.

இன்றைய நிலை வேறு. கடல்வாழ் உயிர்களின் மரபணு வரிசைகள் மீதான காப்புரிமைகளில் 47 விழுக்காடு ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப். என்ற ஒரே பெருநிறுவனத்திடம் இருந்ததை 2018 இல் வெளியான ஆய்வு அம்பலப்படுத்தியது.

இந்தப் பின்னணியில்தான் புனேயின் தேசிய நுண்ணுயிர் வள மையத்தைப் பார்க்க வேண்டும். புனேயில் கடல் இல்லை. ஆயினும் கடல்நீரிலிருந்தும் கடலடிச் சேற்றிலிருந்தும் பிரித்தெடுக்கப்படும் பாக்டீரியாக்களும் இங்கு வந்து சேர்கின்றன. தேசிய செல் அறிவியல் மையத்தின் அங்கமாக, மக்கள் வரிப்பணத்தில் 2009 இல் தொடங்கப்பட்ட சேகரிப்பகம் இது. மரபணு வரிசையைக் கொண்டு நுண்ணுயிரை இனங்காண்பது, உறையவைத்து உலர்த்திக் கண்ணாடிக் குப்பிகளில் அடைப்பது, மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் காப்பது ஆகியவை இதன் அன்றாடப் பணிகள். புடாபெஸ்ட் உடன்படிக்கையின்கீழ், காப்புரிமைக்கான நுண்ணுயிர்களைப் பெற்றுவைக்கும் பன்னாட்டு அங்கீகாரமும் இதற்கு உண்டு.

ஆனால் சேமித்து வைப்பது மட்டும் போதாது. மருந்தாக்கும் பொதுத்துறையும் வேண்டும். அதே புனேயின் பிம்ப்ரியில் 1954 இல் இந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் நிறுவப்பட்டது. பெனிசிலினை உள்நாட்டிலேயே தயாரித்த அந்த ஆலையில், திருமலாச்சார் குழுவினர் ஹாமைசின் என்ற பூஞ்சைக்கொல்லி மருந்தையும் கண்டுபிடித்தனர். 2016 டிசம்பரில் மோடி அமைச்சரவை அதன் நிலத்தை விற்கவும் ஆலையையே தனியாருக்குக் கைமாற்றவும் முடிவெடுத்தது. 2023 இல் பல்லுயிர்ச் சட்டத்தைத் திருத்தி, விதிமீறலுக்கான சிறைத்தண்டனையை நீக்கி, அபராதத்தோடு நிறுத்திக்கொண்டது. வளத்தைக் காக்கும் வேலி தளர்கிறது. அதனைப் பயன்படுத்தும் பொதுத்துறைக் கரமோ வெட்டப்படுகிறது.

நுண்ணுயிர் வள மையத்திற்குப் போதிய நிதியும் நிரந்தரப் பணியிடங்களும் வழங்கப்பட வேண்டும். பிம்ப்ரி ஆலை பொதுத்துறையாகவே புத்துயிர் பெற வேண்டும். கடல் வளத்தின் பயனில் மீனவ மக்களுக்குரிய பங்கு சட்டத்தால் உறுதி செய்யப்பட வேண்டும். இக்கோரிக்கைகள் விஞ்ஞானிகளுக்கு மட்டும் உரியவை அல்ல. மருந்து விலையால் நசுங்கும் ஒவ்வொரு உழைக்கும் குடும்பத்தின் கோரிக்கைகள். அவற்றை மக்களிடம் கொண்டுசெல்வது இடதுசாரி இயக்கத்தின் கடமை.