வெல்வியாவும் நெடுந்தீவும்

நெடுந்தீவில் எடுத்த பழைய ஸ்லைட்டுகளை நேற்று ஒளிப்பெட்டியில் பரப்பிப் பார்த்தேன். பெரும்பாலானவை 1990இல் ஃபூஜி அறிமுகப்படுத்திய வெல்வியாவில் எடுத்தவை. கடலின் நீலமும் பூவரசின் பச்சையும் இன்றும் கண்ணைப் பறிக்கின்றன. ஆனால், பவளக்கல் மதிலின் வெண்மைக்கு ஒளியை அளந்ததால் பனை நிழலில் நின்றவர்கள் வெறும் கரிய உருவங்களாகிவிட்டனர். வெயிலில் நின்றவர்களின் முகங்களிலோ செம்மை ஏறியிருக்கிறது.

அதே மதிலை எக்டாகுறோமிலும் எடுத்திருந்தேன். வண்ணம் அடக்கமானது, நிழலுக்குள் கண்ணும் மூக்கும் தெரிகின்றன. ஸ்லைட் சுருள்கள் பொதுவாக ஏறத்தாழ ஐந்து படி ஒளி வேறுபாட்டையே தாங்கும். வெல்வியாவின் இறுக்கம் அதனையும் குறுக்கிவிடுகிறது. நெகட்டிவைப் போலப் பிரதியெடுக்கும்போது திருத்திக்கொள்ளவும் வழியில்லை.

இயற்கைக் காட்சிக்கு வெல்வியாவை மெச்சுவோருடன் எனக்குப் பிணக்கில்லை. மனிதர் வாழும் ஊரைப் பதிவுசெய்ய அது ஏற்றதன்று என்பதே என் கட்சி. தீவகத்தைப் பிரிந்து தொலைவில் வாழ்வோர் இப்படங்களில் முதலில் தேடுவது மதிலோரம் நின்ற உறவினரின் முகத்தைத்தான். அந்த முகம் என் ஸ்லைட்டுகள் பலவற்றில் இல்லை.

2012இல் நிறுத்தப்பட்ட எக்டாகுறோம் 2018இல் மீண்டும் வந்தது. குறிகட்டுவானில் படகேறும் இளையோர் அதனையே கொண்டுசெல்லட்டும். வெயில் சரிந்தபின் படமெடுக்கட்டும்.