மறைந்து நிற்கும் அடுக்குகள்

அசையும் சித்திரம் ஆக்குவோர் ஒரு காட்சியைப் பல அடுக்குகளாகப் பகுத்துக்கொள்வது புதிய வழக்கமன்று. 1914ஆம் ஆண்டில் அமெரிக்கராகிய எர்ல் ஹர்ட் என்பார் காப்புரிமை வேண்டி விண்ணப்பித்த முறையில், அசைவன ஊடுருவித் தெரியும் தகடுகளிலும், அசையாப் பின்னணி அவற்றின் கீழும் வைக்கப்பட்டன. தகடுகள் மிகுந்தால் அடியிலுள்ள வண்ணம் மங்கும். ஆதலின் வேண்டாத தகட்டை எடுத்தே தீரவேண்டும். கணிப்பொறியில் அவ்விடர் இல்லை. 1993ஆம் ஆண்டில் வெளிவந்த ஆப்டர் எபெக்ட்ஸ் முதலிய மென்பொருள்களில், கண் குறியை ஒருமுறை தொட்டால் அடுக்கு மறையும். மறுமுறை தொட்டால் தோன்றும். இவ்வெளிமையே தீங்குக்கு இடமாகின்றது என்பது எமது துணிபு.

எங்ஙனமெனின், தள்ளவும் கொள்ளவும் துணியாதவற்றையெல்லாம் மாணாக்கர் கண்ணை மூடி ஒதுக்கிவிடுகின்றனர். தலைப்பெழுத்து அடுக்குகள் மூன்றனுள் இரண்டு மறைந்து கிடப்பின், அவ்வேலையைப் பின்னர் ஏற்கும் அன்பர் எது கழிந்தது, எது காக்கப்பட்டது என்று யாங்ஙனம் அறிவார்? எல்லாம் குப்பையென்று நீக்கிவிடுவார். ஆண்டுதான் கேடு விளைகின்றது.

மறைந்தவை யாவும் பயனற்றவையல்ல. ஓடும் நீரின் படம் எழுத்துக்களின் வடிவிற்குள் மட்டும் தெரியவேண்டி, எழுத்தடுக்கை டிராக் மேட் ஆக அமைத்தால், அதன் கண்ணை மென்பொருள் தானே மூடிவிடும். மூடிய கண்ணோடு நின்றே அவ்வடுக்கு நீருக்கு வடிவு தருகின்றது. அதனை நீக்கினாலோ நீர் திரைமுழுதும் பரந்துவிடும். பிற அடுக்குகளைத் தன்னுடன் இழுத்துச் செல்லும் தாயடுக்கும் அவ்வாறே மறைந்திருந்து தொழில் செய்யவல்லது.

ஷை என்னும் குறி வேறு. அது அடுக்கைப் பட்டியலில் மட்டும் ஒளிக்கும். பெயர் நாணத்தைச் சுட்டினும் திரையில் அது நாணுவதில்லை. ஸோலோ குறியோ தான் காட்டும் அடுக்கைத் தவிர ஏனையவற்றை அடக்கிவிடும். அதனை எடுக்க மறந்து ரெண்டர் செய்தால், இயல்பான அமைப்பில் அவ்வொன்றே படமாக வந்து சேரும். இரவெல்லாம் கணிப்பொறி உழைத்தும் பயனென்ன?

ஆதலின் வேலையைப் பிறர்பால் ஒப்புவிக்குமுன், கோப்பின் படியொன்றை வேறாக வைத்துக்கொண்டு, கழிந்தவற்றை நீக்கிவிடுதல் வேண்டும். மறைந்து தொழில் செய்வதற்கு ‘மேட், நீக்கற்க’ என்றாற்போலப் பெயரிடல் வேண்டும். பார்த்து வரைதற்கென வைத்த மாதிரிப் படத்தை அடிக்கடி மூடித் திறப்பதினும், வழிகாட்டி அடுக்காக ஆக்கிவிடுதல் நன்று. பணியாற்றுங்கால் அது கண்முன் நிற்கும், இறுதி ரெண்டரில் இயல்பாகவே விடுபடும்.