விண்ணப்பத்தில் மதம் என்னும் கட்டம்

பொய் சொல்லாதே என்று ஓய்வுநாள் பள்ளியில் கற்றோம். 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை அதற்கு ஒரு விலை வைத்திருக்கிறது. இந்துக்களுக்கென வகுக்கப்பட்ட பட்டியல் சாதித் தகுதி 1956இல் சீக்கியருக்கு முழுமையாகவும், 1990இல் பௌத்தருக்கும் விரிந்தது. தலித் கிறிஸ்தவருக்கும் இஸ்லாமியருக்கும் இன்றுவரை இல்லை.

‘கிறிஸ்தவர்’ என்றே எழுதி நான் உதவித்தொகையை இழந்தேன். ‘இந்து’ என்றெழுதிய நண்பர் பட்டம் பெற்று, எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு மாலைதோறும் கணக்குச் சொல்லித் தருகிறார். (நான் நூலகத்தில் இருக்கிறேன்.) அவரைப் பொய்யர் என்னும் பிரசங்கத்தை ஏற்க என்னால் இயலவில்லை. கல்லறைத் தோட்டத்தில் சாதிச் சுவரை வைத்துக்கொண்டு, எங்களிடம் சாதி இல்லை என்று கூறும் திருச்சபையின் பொய் அதனினும் பெரிது; அதற்கு வறுமை என்ற காரணமும் இல்லை.

நண்பர் திருவிருந்துக்கு வருவதில்லை, மனம் கூசுகிறதாம். வரும் ஞாயிறு அவரை அழைத்துச் செல்லவிருக்கிறேன்.